கடற்கரை நகரில் ஒரு டைனோசர் முட்டை

எங்கள் ஊருக்குக் கடல் கிடையாது. கடல் பார்க்க வேண்டுமென்றால் அரியலூரிலிருந்து பஸ் ஏறி, கும்பகோணத்தில் மாறி, வேளாங்கண்ணிக்கோ தரங்கம்பாடிக்கோ போய்ச் சேர்வதற்குள் இடுப்பு கழன்றுவிடும். அப்படிப்பட்ட இடத்தில் கடற்கரை நகர் என்று ஒரு குடியிருப்பு உண்டு. அதில் முதன்முதலாக வீடு கட்டிக் குடியேறியவள் நான். அந்த நகரின் வரலாற்றை எழுதியவளும் நான்தான். அந்த வரலாற்றில் ஒரு பெரிய பொய்யைச் சேர்த்தவளும் நானே. பொய் என்று தெரிந்து சேர்க்கவில்லை. அவ்வளவு சாமர்த்தியம் எனக்குப் போதாது. மெய் என்று மனதார நம்பித்தான் சேர்த்தேன்.

முதலில் குழியைச் சொல்ல வேண்டும். அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் எடுத்த குழிகள் நிறைய. சிமெண்டுக்காகத் தோண்டுவார்கள். கல் தீர்ந்ததும் தண்ணீர் இறைக்கும் மோட்டாரை நிறுத்திவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். மழையும் ஊற்றும் சேர்ந்து குழியை நிரப்பிவிடும். ஜெயங்கொண்டம் போகிற சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த இந்தக் குழியும் அப்படி நிரம்பியதுதான். சுற்றிலும் வெளுத்த பாறைச் சுவர், நடுவில் பச்சையும் நீலமுமாகத் தண்ணீர். ஆடு மேய்ப்பவர்களையும் துணி துவைப்பவர்களையும் விட்டால் அந்தப் பக்கம் போக யாருக்கும் வேலையில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் ஜோடியாகப் போட்டோ எடுத்துக்கொள்ளும் வழக்கம் வந்த பிறகுதான் குழிக்கு யோகம் அடித்தது. அரியலூர் போட்டோக்காரர் ஒருவர் தண்ணீரையும் வானத்தையும் மட்டும் விழும்படி எடுத்த படத்தில், ஜோடி ஏதோ தீவுக்குப் போய் வந்ததுபோல் இருந்தது. உண்மையில் அவர்கள் செந்துறையைத் தாண்டியிருக்க மாட்டார்கள். அந்தப் படங்களில் ஒன்றைப் பார்த்தவர்தான் எங்கள் நகரைத் தொடங்கியவர்.

அவர் ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக்காட்டுக் குடும்பம். வளைகுடா நாட்டில் கடலோர ஓட்டல் ஒன்றில் பல வருடம் டிரைவராக இருந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தார். வெயிலிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். நான் அப்போது அரியலூரில் பெண்கள் பள்ளி ஒன்றில் வரலாற்று ஆசிரியை. ஓய்வுபெறும் நேரம். யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை வாடகை வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், ஒரு பீச் ரிசார்ட்டும் நகரும் போடுறேன். அதுக்கு ஒரு ஹிஸ்டரி வேணும்."

"எந்த ஊர்லங்க தம்பி?"

"இங்கதான் டீச்சர். நம்ம குழியில."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நான் வேலை பாத்த ஊரும் மொதல்ல வெறும் மணலுதான் டீச்சர். ஒருத்தன் ஒரு குடையை நட்டான். குடைக்குக் கீழ ஒருத்தன் ஒக்காந்தான். ஒக்காந்தவனுக்கு டீ குடுக்க ஒருத்தன் வந்தான். அப்புறம் பாத்தா ஊரு. எல்லாம் குடையில ஆரம்பிக்கிறதுதான்" என்றார்.

அதைக் கேட்டபோது எனக்கு உள்ளே ஏதோ அசைந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலைக்கு வந்த நாள் முதல் பிறர் எழுதிய வரலாற்றையே பிள்ளைகளுக்கு ஒப்புவித்துக்கொண்டிருந்தவள் நான். சோழர் கால நிர்வாகம், கிழக்கிந்தியக் கம்பெனி, ஐந்தாண்டுத் திட்டங்கள். சொந்தமாக ஒரு வரி எழுத ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. இப்போது ஓர் ஊர், பிறப்பதற்கு முன்பே, என்னிடம் வந்து வரலாறு கேட்கிறது. யாருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்?

இரண்டு பக்கம் போதும் என்றுதான் அவர் சொன்னார். நான் பூமி குளிர்ந்த காலத்திலிருந்து ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் மின்சார ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் ஷாக் அடிக்கும். நான் எழுதியதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மனை விக்கிறதுக்கு மொதல்ல பூமி ஆறணுமா?" என்று கேட்டார்.

"பின்னணி வேணாமாங்க?"

"வேணும் வேணும். ஆறட்டும்."

ஆறிய பூமியின்மேல் கடலை வரவழைத்தேன். எங்கள் பகுதி கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலுக்கடியில் இருந்தது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். வயலில் ஏர் ஓட்டினால் கல்லாய்ப் போன சிப்பிகள் கிடைக்கும். அதன்மேல் சோழர்களைக் கொண்டுவந்து, கங்கைகொண்ட சோழபுரத்தை ஒருமுறை சுற்றிக் காட்டி, ஒருவழியாக முந்திரிக்காட்டுக்கு வந்து சேர்ந்தேன். விளம்பரத் தாள் அச்சாகி வந்தபோது அதில் என் எழுத்து மொத்தமாக ஒரு வரிதான் மிஞ்சியிருந்தது: "இங்கே கடல் இருந்தது." அதற்கடுத்து அவர் சொந்தமாக ஒரு வரி சேர்த்திருந்தார்: "மீண்டும் வந்துவிட்டது!"

கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வழவழப்பான தாளில், நீல அலைகளுக்கு நடுவே, கொட்டை எழுத்தில் என் வரியைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்தது கடல்தான், மறுக்க முடியுமா? அந்தத் தாளைப் பார்த்து முதன்முதலில் மயங்கி மனை வாங்கியது வேறு யாருமில்லை, அதை எழுதியவளேதான். அரியலூர் டவுனிலேயே, ஆஸ்பத்திரிக்கும் மார்க்கெட்டுக்கும் பக்கத்தில், ஒரு வீடு பார்க்கலாம் என்று என் வீட்டுக்காரர் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தாளை அவர் முன்னால் விரித்து வைத்தேன்.

"இது நீ எழுதுனதுல்ல?" என்றார்.

"ஆமா."

"நீ எழுதுனதை நீயே நம்பி வாங்கப் போற."

"நம்பாம எழுதுவாங்களா?"

அதற்குமேல் அவர் பேசவில்லை. பேசியிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

நாங்கள் குடிபோனபோது கடற்கரை நகரில் இருந்தவை: எங்கள் வீடு, நூற்றுக்கணக்கான அளவுக்கற்கள், கலர் கொடிகள், குழிக்கரையில் வரிசையாக நட்ட ஓலைக்குடைகள். கடற்கரைக்கு மணல் வேண்டும் அல்லவா? ஆற்று மணலுக்கு வழியில்லை என்று, வீடு கட்டப் போடும் எம் சாண்டை லாரி லாரியாகக் கொட்டிப் பரப்பியிருந்தார். பாறையை உடைத்த பொடி. செருப்பில்லாமல் நடந்தால் முள்ளாய்க் குத்தும். உட்கார்ந்து எழுந்தால் சேலை முழுக்க சிமெண்டு நிறம். வரதராஜன்பேட்டையிலிருந்து வந்து வீட்டை மந்திரித்த பாதிரியார், தீர்த்தம் தெளித்து முடித்ததும் ஜன்னல் வழியாகக் குடைகளைப் பார்த்தார். "கடவுள் உங்களுக்கு நல்ல அயலாரைத் தரட்டும்" என்று ஒரு தனி ஜெபம் சேர்த்துக்கொண்டார். அயலார் என்று அந்தத் திக்கில் எவரும் இல்லை.

ஒருவர் இருந்தார் என்று சொல்ல வேண்டும். குழிக்கரையில் ஒரு தகரக் கொட்டகை. பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வந்து, குழியில் பிடிக்கிற ஜிலேபிக் கெண்டையை வறுத்து விற்கிற பெண். என்னைவிட நாலைந்து வயது இளையவர், ஆனாலும் எல்லோருக்கும் மீன் அக்கா. நான் பெருமையாக, "இந்த நகர்லயே மொதல்ல குடிவந்தது நாங்கதான்" என்று சொன்னபோது, எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்ப நான் யாரு டீச்சரம்மா, மீனா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு மெல்லிய எல்லைத் தகராறு. நான் அவரிடம் மீன் வாங்குவேன்; அவர் எனக்கு வால் பக்கமாகவே பார்த்துக் கொடுப்பார்.

அந்தக் கோடையில் சென்னையிலிருந்து என் அக்கா குடும்பத்தோடு வந்தாள். பேரப் பிள்ளைகள் கையில் மணல்வீடு கட்டும் வாளி, இடுப்பில் காற்றடித்த வாத்து. காரிலிருந்து இறங்கிக் குழியை எட்டிப் பார்த்துவிட்டு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"கடல் எங்கடி?"

"இதுதான்க்கா. ஒருகாலத்துல..."

"ஒருகாலத்துல நானும் ஒல்லியாத்தான் இருந்தேன்."

பிள்ளைகள் வாத்தைக் கழற்றாமலே இரண்டு நாளும் வீட்டுக்குள் உலவின. போகும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாவது பிரச்சினைன்னா சொல்லு. ஒளிக்காத" என்றாள். நான் நல்ல மனநிலையில்தான் இருக்கிறேன் என்று என் வீட்டுக்காரரிடமும் அவள் தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டதாகப் பிறகு தெரிந்தது.

மனைகள் விற்கவில்லை. குடைகள் காற்றில் சாய்ந்தன. ரிசார்ட் என்று கட்டிய நாலு குடிசைகளில் ஆடுகள் படுத்தன. நகரைத் தொடங்கியவர் கறுப்புக் கண்ணாடியை இப்போது கண்ணிலேயே போட்டுக்கொள்ள ஆரம்பித்திருந்தார். அந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு கார் கொட்டகை போட அஸ்திவாரம் தோண்டினோம். எங்களிடம் கார் கிடையாது. வரலாற்று ஆசிரியைக்கு எதிர்காலத்தைப் பற்றியும் ஒரு பார்வை இருக்கத்தான் செய்யும்.

பொக்லைன் ஒரு வாளி மண்ணை அள்ளிக் கொட்டியபோது, உருண்டையாகச் சில கற்கள் சரிந்து விழுந்தன. மட்டை உரித்த தேங்காய்போல் சில, பூசணிக்காய்போல் ஒன்று. மேல்புறம் மொழுமொழுவென்று, வெளிர்மஞ்சளாக. எங்கள் மாவட்டத்தில் எங்கோ டைனோசர் முட்டைகள் கிடைத்த செய்தியை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். 

"நிறுத்துங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பொக்லைன் டிரைவர் வண்டியிலிருந்தே குதித்துவிட்டார், பாம்பு என்று நினைத்து.

அஸ்திவாரக் குழிக்குள் இறங்கிப் பூசணிக்காயைத் தடவினேன். ஒரு பக்கம் லேசாகத் தட்டையாக இருந்தது. கூட்டில் படிந்து கிடந்ததால் வந்த தட்டை என்று அந்த நொடியே முடிவுக்கு வந்தேன். நகரைத் தொடங்கியவரைப் போனில் கூப்பிட்டேன்.

"தம்பி, முட்டை கெடைச்சிருக்கு."

"நாட்டுக்கோழியா டீச்சர்?"

"டைனோசர்!"

அந்தப் பக்கம் வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது. பிறகு, "தொடாதீங்க. நான் வர்ற வரைக்கும் சேலை மாத்தி ரெடியா இருங்க" என்றார்.

முட்டைக்கும் சேலைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, பவுடர் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். இந்த விஷயம் தெரிந்தவர்களுக்கு முறையாகச் சொல்ல வேண்டாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டபோது, "எனக்குத் தெரியாதாங்க?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் என்னைப் பார்த்துவிட்டு மண்வெட்டியைக் கழுவப் போய்விட்டார்.

நகரைத் தொடங்கியவர் வந்து தன் போனில் என்னை வீடியோ எடுத்தார். அதை இப்போது பார்த்தால் எனக்கே தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. "அன்பார்ந்த பொதுமக்களே" என்று தொடங்கி, கர்ப்பிணியான ஒரு டைனோசர் மாலை நேரத்தில் இந்தக் கடலோரம் வந்து, மணலில் குழி பறித்து, வலி பொறுத்து முட்டையிட்டதை நேரில் பிரசவம் பார்த்தவள்போல் விவரித்தேன். "கோடி வருஷமா குஞ்சு பொரிக்கும்னு காத்துக் கெடக்குற இந்தத் தாய்மை..." என்று சொல்லும்போது குரல் உடைந்து அழுதேவிட்டேன். மாணவிகளின் பிரிவுபசார விழாவில்கூட நான் அழுததில்லை.

வீடியோ ஊரெல்லாம் பரவியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு முன்னால் வேன்கள். பெரம்பலூர், துறையூர், விருத்தாசலம் என்று எங்கெங்கிருந்தோ வந்தார்கள். முட்டைகளைக் குழிக்கரைக்கு மாற்றி, வைக்கோல் பரப்பிய மேடையில் வைத்துக் கம்பி வேலி போட்டார் அவர். முட்டை பார்க்க வந்தவர்கள் தண்ணீரைப் பார்த்தார்கள், குடைக்கடியில் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்களுக்கு டீ கொடுக்க ஒருவர் வந்தார். கரும்புச்சாறு வந்தது, சுட்ட சோளம் வந்தது, காலால் மிதிக்கும் அன்னப்படகு வந்தது. நுழைவாயிலில் சிமெண்டில் ஒரு டைனோசர் எழும்பியது. கோயில் பொம்மை செய்கிற மேஸ்திரி செய்தது என்பதால் அதற்கு நெற்றியும் மூக்கும் நந்திபோல் சாந்தமாக அமைந்துவிட்டன.

மேடையருகில் நான் நின்றேன். வாரா வாரம். தொப்பி வேறு வாங்கியிருந்தேன். நான் சொல்வதைச் சொல்லி முடிப்பதற்குள் யாராவது முட்டைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிடுவார்கள். பிள்ளை வரம் கேட்டு ஒருத்தி கம்பி வேலியில் சின்னத் தொட்டில் கட்டினாள். ஒரு தாய் தன் மகளிடம், "தொட்டுக் கும்புட்டுக்கடி, நாளைக்குக் கணக்குப் பரீச்சை" என்றாள். வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த நான், இதைத் தடுப்பதா, அனுமதிப்பதா என்று தெரியாமல் எலுமிச்சம்பழங்களை மட்டும் எடுத்து வைத்து ஊறுகாய் போட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு விசிலோடு வெயிலில் நின்று வேன்களை ஒழுங்குபடுத்தினார். மனைகள் விற்றன. எங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு நர்ஸ் குடும்பம், இந்தப் பக்கம் ஓய்வுபெற்ற தபால்காரர் என்று வீடுகள் எழுந்தன. மீன் வறுக்கிற அக்கா தகரத்தை எடுத்துவிட்டு ஓடு போட்டார். எனக்கு நடுத்துண்டு கொடுத்தார்.

"நீங்க இட்ட முட்டைதான் டீச்சரம்மா எல்லாத்துக்கும்" என்றார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பிறகுதான் ஆய்வாளர் வந்தார். கல், மண் பற்றிப் படித்த இளம் பெண். ஜீன்ஸ், தோளில் பை, பைக்குள் சுத்தியல். வீடியோவைப் பார்த்து வந்திருப்பதாகச் சொன்னார். நகரைத் தொடங்கி இப்போது நகர் தலைவராகிவிட்டவர் மாலை போடப் போனார்; அந்தப் பெண் கூச்சப்பட்டு விலகிக்கொண்டார். முட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார், நாக்கின் நுனியால்கூட ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னருகில் வந்து மெதுவாக, "மேடம், கொஞ்சம் உள்ள போயிப் பேசலாமா?" என்றார்.

அந்த நல்ல பெண் எனக்குக் கொடுத்த வாய்ப்பு அது. நான் அதைப் புரிந்துகொள்ளவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. சுற்றிக் கூட்டம். பாராட்டைத் தனியறையில் வாங்கிக்கொள்ளும் வழக்கம் எனக்கில்லை.

"இங்கயே சொல்லுங்கம்மா. மக்களும் தெரிஞ்சுக்கட்டும்" என்றேன்.

அவர் தயங்கினார். "ஒண்ணை ஒடைச்சுப் பாக்கலாமா?"

"தாராளமா."

சிறியதாக ஒன்றை எடுத்துப் பாறைமேல் வைத்து ஒரே அடி. இரண்டாகப் பிளந்தது. உள்ளே வெங்காயம்போல் சுற்றுச் சுற்றாக வெறும் கல். நடுவில் ஒரு சிப்பித் துணுக்கு.

"இது முட்டை இல்லைங்க மேடம். தண்ணியில கரைஞ்ச சுண்ணாம்பு, ஒரு துணுக்கைச் சுத்தி மேல மேல படிஞ்சு இப்படி உருண்டையாயிடும். முட்டைன்னா ஓடு தனியாத் தெரியும். நெறைய பேரு இப்படி நெனைச்சுக்குவாங்க."

நான் விடவில்லை. "பெரிய பூசணி? அதுல ஒரு பக்கம் தட்டையா இருக்கே?"

"அது சும்மா... தட்டையா இருக்குங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அது பரவியது. என் தொப்பி திடீரென்று ரொம்பப் பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. அதைக் கழற்றவும் முடியவில்லை, போட்டிருக்கவும் முடியவில்லை. அப்போது என் வீட்டுக்காரர் விசிலை ஊதினார். "வேனை எடுங்க, வழி விடுங்க" என்று கூட்டத்தைக் கலைத்துக்கொண்டு வந்தவர், என் முழங்கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே எந்த வேனும் வழியை மறிக்கவில்லை.

வீட்டில் அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தர்ப்பம் மறுபடி வராது. அவர் காப்பி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை சரியாக இருந்தது. எனக்கு அதில்தான் அழுகை வந்தது.

கொஞ்ச நாள் நான் வெளியே தலைகாட்டவில்லை. சர்ச்சில் பூசைக்குப் போனாலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பழைய மாணவி ஒருத்தி போனில், "டீச்சர், நீங்க அழுதது ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று எழுதினாள். ஆறுதலா, கிண்டலா என்று இன்றுவரை புரியவில்லை. நகர் தலைவர் வந்து வாசலில் நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"டீச்சர், அந்தப் பொண்ணு குழிக்குள்ள எறங்கிக் கெடக்கு. ஒங்களைக் கூப்புடுது."

"என்னை எதுக்கு? இன்னும் எதையாவது ஒடைக்கவா?"

போனேன். ஆய்வாளர் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாறைச் சுவரின் அடியில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் சுண்ணாம்பு, வாயெல்லாம் சிரிப்பு. சுவரில் ஒரு முழ உயரத்துக்குச் சிப்பிகள், ஒன்றன்மேல் ஒன்றாக, அடுக்கி வைத்ததுபோல் கல்லாகிக் கிடந்தன. உள்ளங்கை அகலம் ஒவ்வொன்றும்.

"ஆழக் கடல்ல இந்த மாதிரி வளராதுங்க மேடம். ஆழமில்லாத தண்ணி, கரையோரம். கடலோட கரை இங்க எங்கேயோதான் இருந்திருக்கணும். நீங்க நின்னுட்டிருக்கீங்களே, அநேகமா அங்கதான்."

நான் காலைப் பார்த்தேன். நகர் தலைவர் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். குடைகளை வாங்கி நட்டுவிட்டு வாய்க்கு வந்த பெயரை வைத்த மனிதர் அவர்.

"பீச்சுன்னு நான் மொதல்லயே சொன்னேன்ல டீச்சர்?" என்றார்.

படித்து, எழுதி, பட்டுச்சேலை கட்டி நான் சொன்னது கல்லாகிப் போனது. சும்மா சொன்னவர் சொன்னது மெய்யாகிவிட்டது. அதற்காக அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை.

அடுத்த ஞாயிறு மேடைக்குப் போனேன், தொப்பி இல்லாமல். வந்தவர்களிடம் நேராகச் சொன்னேன்: "இது முட்டை இல்லீங்க. சுண்ணாம்பு உருண்டை. நான்தான் தப்பாச் சொன்னேன். பாக்க வேண்டியது அந்தச் சுவத்துல இருக்கு." குளித்தலையிலிருந்து வந்த ஓர் அம்மாள் முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். அவர், "அப்படியா? சரி, கல்லுகூடவே ஒரு போட்டோ எடுத்துக்கிறோம். நீங்களும் நில்லுங்க" என்று என்னை நடுவில் நிறுத்திக்கொண்டார். மனசாட்சி கேட்காமல் ஒரு போர்டு எழுதி வைத்தேன்: "இவை டைனோசர் முட்டைகள் அல்ல." யாரோ காதுகுத்து விழாவுக்கு ஒட்டிய போஸ்டர், சரியாக "அல்ல" மீது விழுந்துவிட்டது. கிழித்தேன். வேறு போஸ்டர் வந்தது. எங்கள் ஊரில் சுப காரியங்களுக்குக் குறைவே இல்லை.

கூட்டம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி நிலைத்துவிட்டது. ஆழம் அதிகம் என்று அதிகாரிகள் வந்து குளிப்பதைத் தடுத்துக் கரையோரம் வேலி போட்டார்கள். அன்னப்படகுகள் இப்போது குடியிருப்புப் பூங்காவில், தரையில், பிள்ளைகள் ஏறி விளையாட நிற்கின்றன. ரிசார்ட் குடிசைகள் இருந்த இடத்தில் சின்னதாக ஒரு விசேஷ மண்டபம். ஆய்வாளர் வருடத்துக்கு ஒருமுறை கல்லூரிப் பிள்ளைகளோடு வந்து சிப்பிச் சுவரைக் காட்டிவிட்டு, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். குடும்பங்கள் பெருகி, பள்ளி வேன் வருகிறது, கேபிள் வருகிறது, சங்கம் வந்து அதில் இரண்டு கோஷ்டியும் வந்தாயிற்று. ஓர் ஊருக்கு வேண்டிய எல்லாமும் ஆகிவிட்டது.

சாலையில் பஸ் நிற்க ஆரம்பித்ததுதான் கடைசியாக வந்த வளர்ச்சி. "கடற்கரை நகர்" என்று பெயர்ப்பலகையும் வைத்தார்கள். ஆனால் கண்டக்டர்கள் முதல் நாளிலிருந்தே, "முட்டை ஸ்டாப் எறங்கு!" என்றுதான் கூவினார்கள். என் வாழ்நாள் தவறு, ஒரு நாளைக்கு எத்தனை டிரிப்போ அத்தனை முறை, ஜெயங்கொண்டம் சாலையில் அறிவிக்கப்பட்டது. நான் மட்டும் விட்டுக்கொடுக்காமல் "கடற்கரை நகர் ஒண்ணு" என்றுதான் டிக்கெட் கேட்பேன். கண்டக்டர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிழித்துக் கொடுப்பார்கள்.

போன மாதம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஏறினேன். காய்கறிப் பை ஒரு கை, மாத்திரைப் பை ஒரு கை, உட்கார இடமில்லை. கண்டக்டர் புதிது, திருச்சி பக்கமிருந்து மாற்றலாகி வந்தவர்போல.

"கடற்கரை நகர் ஒண்ணு."

"இந்த பஸ் கடக்கரைக்கெல்லாம் போகாதும்மா. எறங்குங்க, எறங்குங்க. கும்பகோணம் போயி மாறுங்க."

"இல்லீங்க தம்பி, வழியிலதான்..."

"வழியில ஏதும்மா கடலு? ஒடம்பு சரியில்லையா?"

பின்னால் இருந்த யாருக்கும் வாய் திறக்கத் தோன்றவில்லை. எல்லோரும் எங்கள் நகர்க்காரர்கள். தபால்காரர்கூட ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார். மீன் அக்கா மட்டும் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, என்ன செய்கிறேன் பார்ப்போம் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் திரும்பிப் பார்த்து ஹாரன் அடித்தார்.

"முட்டை ஸ்டாப்" என்றேன்.

"என்னம்மா? சத்தமா சொல்லுங்க."

"முட்டை ஸ்டாப் ஒண்ணு!"

"அதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே?" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணித்தார். மீன் அக்கா நகர்ந்து உட்கார்ந்து, எனக்குப் பாதி சீட்டு விட்டார்.